இணையம்: ஒரு சொல்லின் பிறப்பும் வழக்கும்

தமிழில் இன்று நாள்தோறும் எழுதப்படும் புதுச்சொற்களுள் 'இணையம்' என்பது முதல் வரிசையில் நிற்பது. சிறுவர் பாடநூல் முதல் அரசாங்கச் சுற்றறிக்கை வரை அது வாராத இடமில்லை. அச்சொல்லின் வயது முப்பது ஆண்டு அளவே. ஆயினும், ஆறாம் ஆண்டு மாணவனைக் கேட்டால் அதுவும் 'பள்ளிக்கூடம்', 'சந்தை' போன்று என்றும் இருந்த சொல் என்றே கூறுவான். ஒரு புதுச்சொல்லுக்கு இதனினும் பெரிய வெற்றி வேறில்லை. அது பிறந்து வளர்ந்த இடம் சென்னையுமன்று, மதுரையுமன்று. நாம் வாழும் இக்கடலின் இக்கரையே என்பதை நம்மவருள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அச்சொல் எப்பொருளைக் குறிக்கப் பிறந்தது, இன்று எவ்வெப்பொருளில் வழங்குகிறது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். இஃது அகராதி ஆராய்ச்சி மட்டுமன்று. சொல்லின் பொருள் நெகிழ்ந்தமையால் நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அண்மைக் காலத்தில் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பொருளோடு வந்த பெயர்கள்

புதுப்பொருள் ஒன்று வரும்போது ஒரு மொழி என்ன செய்யும்? பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்வது ஒரு வழி. நான் பணிபுரியும் பெக்கான் நானாஸே அதற்குச் சான்று. ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் செல்லும் வழியில் உள்ள இச்சிற்றூரின் பெயருக்கு 'அன்னாசிப் பட்டணம்' என்பது பொருள். மலாயில் வழங்கும் 'நானாஸ்' என்பதும் தமிழில் வழங்கும் 'அன்னாசி' என்பதும் உடன்பிறப்புகள். தென்னமெரிக்காவின் துப்பி மக்கள் அப்பழத்தை 'நானாஸ்' என்றனர். போர்த்துக்கேயர் அதனை 'அனனாஸ்' எனத் தம் நாவுக்கு இசையத் திருத்தி, பழத்தையும் பெயரையும் கீழை நாடுகளுக்குக் கொண்டுவந்தனர். தமிழில் 'பறங்கித்தாழை' என்று ஒரு பெயர் அகராதியில் உண்டு. அழகான பெயர்தான், ஆனால் சந்தையில் அதனைச் சொல்லிப் பழம் வாங்கியவர் எவரையும் நான் கண்டதில்லை. சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் ஆகியவும் அதே போர்த்துக்கேயர் வழி வந்தவையே.

தோட்டத்துத் தமிழும் இவ்வாறே வாங்கியது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை வெள்ளைக்காரத் துரைமார் 'லைன்' என்றனர். நம் பாட்டன்மார் அச்சொல்லுக்குத் தமிழ் ஈறாகிய 'அம்' கொடுத்து 'லயம்' ஆக்கிக்கொண்டனர். 'லயத்து வீடு' என்று சொன்ன எந்தப் பாட்டிக்கும் தாம் ஆங்கிலம் பேசுவதாகத் தோன்றியதில்லை. இந்த 'லைன்' என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அது வேறு வேடத்தில் மீண்டும் வரும்.

மற்றொரு வழி, பொருளை உணர்ந்து தன் வேரிலிருந்தே புதுச்சொல் ஆக்குவது. இதற்குத் தமிழில் நீண்ட முயற்சி உண்டு. ராஜாஜியும் நண்பர்களும் 1916 ஆம் ஆண்டிலேயே சேலத்தில் அறிவியற் சொற்களை ஆக்கச் சங்கம் அமைத்தனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938 ஆம் ஆண்டில் பெரியதொரு கலைச்சொல் தொகுதியை வெளியிட்டனர். அப்பெரியோர் ஆக்கிய சொற்களுள் பல இன்றும் நம் வகுப்பறையில் வாழ்கின்றன. பல பட்டியலிலேயே உறங்கிவிட்டன. பட்டியலில் ஏறுவது வேறு, நாவில் ஏறுவது வேறு. 'இணையம்' நாவில் ஏறியது எவ்வாறு என்பதே நம் வினா.

ஆங்கிலத்தில் அது குறித்தது என்ன?

1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக் கணினியும், தொலைவில் ஓர் ஆய்வுக்கூடத்துக் கணினியும் முதன்முதலாகப் பேசிக்கொண்டன. அனுப்ப எண்ணிய சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடன் கருவி நின்றுவிட்டது என்பது வரலாறு. இன்றைக்கு நம் பள்ளிகளில் நிகழ்வது முதல் நாளிலேயே நிகழ்ந்திருக்கிறது! அந்தக் கணினி வலைக்கு 'ஆர்ப்பாநெட்' என்று பெயர். அது இன்டர்நெட் அன்று. ஒரு தனி வலை. பின்னர் வேறு பல வலைகள் தோன்றின. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது. அவற்றுக்குப் பொதுவான நெறிமுறை ஒன்றை வகுக்க வேண்டியதாயிற்று. வின்டன் செர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் ஆகிய மூவர் 1974 டிசம்பரில் வெளியிட்ட ஆவணத்தில், 'வலைகளுக்கு இடைப்பட்ட' என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தொடரைச் சுருக்கி 'இன்டர்நெட்' என்று எழுதினர். இவர்களுள் யோகன் தலால் மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் புதுநெறிமுறைக்கு மாறியது. அதுவே இணையத்தின் பிறந்தநாள் எனச் சொல்வாரும் உளர்.

தோட்டத்து உவமை கொண்டு விளக்கினால் எளிதில் விளங்கும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உள்ளே செம்மண் சாலைகள் உண்டு. அவை அத்தோட்டத்து வண்டிகளுக்கு மட்டும் பயன்படுவன. அது வலை. அத்தனை தோட்டத்துச் சாலைகளும் அரசாங்கப் பெருஞ்சாலையில் வந்து கூடி, யாவர்க்கும் பொதுவான சாலைவிதியும் ஏற்பட்டு, ஒரு தோட்டத்து லாரி மற்றொரு தோட்டத்து ஆலை வரை தடையின்றிச் செல்லுமானால், அது இன்டர்நெட். சாலையின் வழியே செல்லும் அஞ்சல் வண்டி மின்னஞ்சல். சாலையோரத்துக் கடைகளும் வாசகசாலைகளும் வலைத்தளங்கள். அவ்வலைத்தளங்களின் தொகுதியை டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் ஜெனீவாவுக்கு அருகே உள்ள ஆய்வுக்கூடத்தில் 1989 ஆம் ஆண்டில் திட்டமிட்டார். 1991 ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறந்தது. ஆகவே சாலை முன்னது, கடை பின்னது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது ஆங்கிலம் பேசுவோரிடத்தும் உள்ள மயக்கமே.

ஆங்கிலேயர் நெடுநாள் இச்சொல்லைத் தலைப்பெழுத்திட்டு எழுதிவந்தனர். உலகுக்குப் பொதுவான அந்த ஒன்றை ஊர்ப்பெயர் போலக் கருதியமையே காரணம். 2016 ஆம் ஆண்டில் அமெரிக்கச் செய்தி நிறுவனமாகிய அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் அதனைச் சிற்றெழுத்தாக்கியது. தண்ணீர், மின்சாரம் போல அதுவும் ஒரு பொதுப்பொருள் ஆயிற்று என்க. தமிழில் தலைப்பெழுத்து இல்லாமையால் இத்தொல்லை நமக்கு இல்லை.

பிறர் வலையை எடுத்தனர். தமிழர் இணையை எடுத்தனர்

'இன்டர்' என்பது இடை. 'நெட்' என்பது வலை. இவ்விரு பகுதிகளுள் ஆங்கிலப் பொதுமக்கள் பேச்சுவழக்கில் வலையை மட்டும் வைத்துக்கொண்டனர். 'நெட்' என்றே சொல்வர். இந்தி, தெலுங்கு முதலிய மொழிகளில் 'அந்தர்ஜால்', 'அந்தர்ஜாலம்' எனப் பகுதிக்குப் பகுதி வடசொல்லால் பெயர்த்தனர். ஜாலம் என்பது வலை. சிங்களத்தார் 'அந்தர்ஜாலய' என்பதும் அவ்வாறே. நம் ஊரில் கடை வைத்திருக்கும் சீனர், 'ஒன்றோடொன்று இணைந்த வலை' என்று பொருள்படும் 'ஹூ லியன் வாங்' என்னும் தொடரை வழங்குவர். மலாயில் 'இன்டர்நெட்' என்ற பெயரே நிற்கிறது. ஆயினும் 1990களில் இந்நாட்டு மக்களுக்கு முதன்முதல் இணைய இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் பெயர் 'ஜாரிங்'. ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது; ஆனால் மலாயில் 'ஜாரிங்' என்றாலும் வலைதான்! அந்நிறுவனம் இன்று இல்லை. வலைத்தளத்துக்கு மலாய் அறிஞர் ஆக்கிய 'லாமான் செசாவாங்' என்னும் தொடரோ சிலந்தி வலையை நினைவூட்டுவது.

இத்தனை மொழியாரும் வலையைப் பற்றிக்கொண்டிருக்க, தமிழ்ச் சொல்லில் வலை இல்லை. இதனைப் பெரிதும் எண்ணிப் பார்க்க வேண்டும். வலை என்றால் தமிழனுக்கு என்ன தோன்றும்? குக்குப் கரையில் உலர்த்திய மீன்வலை தோன்றும். மானுக்கு விரித்த வேடன் வலை தோன்றும். 'வலையில் விழுந்தான்' என்னும் வழக்குத் தோன்றும். சிக்கவைப்பதே அதன் தொழில். 'இணையம்' என்ற சொல்லோ கருவியின் வடிவத்தை விட்டு அதன் செயலைப் பிடித்துக்கொண்டது. கணினிகளைக் கட்டும் கயிறு முக்கியமன்று. அவை ஒன்றோடொன்று சேர்வதே முக்கியம். மேலே கூறிய 1974 ஆம் ஆண்டு ஆவணத்தின் உட்கருத்தும் அதுவேயாகும். மொழிபெயர்ப்பு என்பதைவிடக் கருத்தாக்கம் என்பதே இதற்குப் பொருந்தும். வலையைத் தமிழர் முற்றும் கைவிட்டார் என்பதில்லை. பெர்னர்ஸ்-லீயின் படைப்பிற்கு 'வைய விரிவு வலை' என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் மூன்று சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதற்கு ஈடாகத் தமிழிலும் மூன்று வகரம் அமைத்த அந்த மோனை பாராட்டத்தக்கது. ஆனால் மோனை இருந்தும் அத்தொடர் மக்களிடம் செல்லவில்லை. 'வலைத்தளம்', 'வலைப்பக்கம்' என்னும் சிறு தொடர்களே சென்றன.

இனிச் சொல்லின் அமைப்பைக் காண்போம். 'இணை' என்பது பழந்தமிழ். இரட்டையைக் குறிப்பது. திருவடிகளை 'இணையடி' என்பது வழக்கு. அடியின் முதற்சீரிலும் இரண்டாம் சீரிலும் மோனை வருவதை 'இணை மோனை' என்று யாப்பில் கற்பிக்கிறோம். அதனோடு 'அம்' ஈறு சேர்ந்து, இடையே யகர உடம்படுமெய் தோன்றி 'இணையம்' ஆயிற்று. கணினி வலையைக் குறிக்கச் சிலர் வழங்கும் 'பிணையம்' என்ற சொல்லும் இதே அமைப்பினது. நிலையம், வளையம் என்பவற்றையும் துணைக்கு அழைக்கலாம். அவற்றை வடமொழி வழியின என்பாரும் உளராகலின் அவ்வழக்கிற்குள் நாம் புக வேண்டா.

'இணை என்பது இரண்டையே குறிக்கும். கோடிக்கணக்கான கருவிகளின் கூட்டத்துக்கு அது எங்ஙனம் பொருந்தும்?' என்று ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நண்பர் ஒருவர் வாதிட்டது நினைவுக்கு வருகிறது. நியாயமான கேள்விதான். பெயர்ச்சொல்லாகிய 'இணை' இரண்டோடு நிற்பது உண்மை. வினைச்சொல்லாகிய 'இணைதல்' அவ்வாறு நிற்பதன்று. பத்துச் சங்கங்களும் இணையலாம். அன்றியும், எத்தனை கோடிக் கருவிகள் இருப்பினும் ஒரு செய்தி செல்லும்போது அனுப்பும் முனை ஒன்று, பெறும் முனை ஒன்று என இரண்டு முனைகளே பேசிக்கொள்கின்றன. எனவே பழம்பொருளும் கெடவில்லை.

சொல்லை ஆக்கியோரும் பரப்பியோரும்

இச்சொல்லை ஆக்கியவராகத் தமிழ்க் கணிமை உலகம் குறிப்பிடுவது சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியை. 1946 ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுகதையும் நாவலும் எழுதியவர். பள்ளியாசிரியராக இருந்து, பின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். பொறியியல் கற்றவரல்லர். நம்மைப் போன்ற தமிழாசிரியர் என்பதைப் பெருமையுடன் குறிக்கலாம். 1995 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது, தமிழ் எழுத்து அங்கே தோன்ற வழிசெய்தவர் அவர். அவர் வகுத்த எழுத்துமுறைக்குக் 'கணியன்' என்று பெயர். கணக்கிடுவோன் என்பது பொருள். சங்கப் புலவர் ஒருவரையும் அது நினைவூட்டும்.

அதுவரை, ஓர் ஊரில் தட்டிய தமிழ் மற்றோர் ஊரில் பூச்சி பூச்சியாகத் தெரியும். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. இக்குழப்பத்தைத் தீர்க்க 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் ஒரு மாநாடு கூடியது. அதற்கு முன்னின்றவருள் கோவிந்தசாமியும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டான் டின் வீயும் முக்கியமானவர்கள். இரண்டே ஆண்டுகளில், 1999 பிப்ரவரியில், தமிழக அரசு சென்னையில் அடுத்த மாநாட்டை நடத்தியது. 'தமிழ் இணையம் 99' என்று அதற்குப் பெயர். 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை அங்கே பிறந்ததே. அவ்வாண்டு மே மாதத்திலேயே கோவிந்தசாமி காலமானார். ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்த அவர், தம் கைச்சொல் தாய்நாட்டு அரசின் மாநாட்டுப் பெயராக ஏறியதை மட்டும் கண்டுவிட்டுச் சென்றார்.

நம் நாட்டவர் பங்கும் சிறிதன்று. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985 ஆம் ஆண்டு முதலே 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கிவந்தவர். பின்னர் 'முரசு அஞ்சல்' வழியாக உலகின் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் எழுதினர். அவர் வரைந்த எழுத்துரு ஒன்று ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. அதற்கு 'இணைமதி' என்று பெயர். அங்கும் 'இணை' இருத்தலைக் காண்க. 2000 ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கூடியதும் அதே நகரில்தான்.

ஆகவே இச்சொல்லின் வெற்றிக்குக் காரணம் கூறுவது கடினமன்று. ஆக்கியோரே அதனை நாள்தோறும் ஆண்டனர். கருவி மக்கள் கைக்கு வருமுன்னரே சொல் அணியமாக நின்றது. மாநாடுகள் தம் பெயரிலேயே அதனைச் சுமந்து சென்றன. மேலும், 'இணையம்' நான்கே எழுத்து. குழு கூடி ஆக்கும் சொற்களில் இவ்வளவு சிக்கனம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

வழக்கில் நேர்ந்த நெகிழ்ச்சி

வென்ற சொல்லுக்கு வேலை மிகுதியாகும். 2001 ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கல்விநிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் 'மெய்நிகர்' என்னும் பொருள் தரும் சொல் இருந்தது. தமிழில் அதற்குத் 'தமிழ் இணையப் பல்கலைக்கழகம்' என்று பெயரிட்டனர். அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். அன்று முதல் 'இணைய' என்னும் அடை எதற்கும் பொருந்துவதாயிற்று. கணினிவழிக் குற்றம் 'இணையக் குற்றம்'. மாணவரை அதன்வழி வதைப்பது 'இணையப் பகடிவதை'. கடைக்குப் போகாமல் வாங்குவது 'இணைய வணிகம்'. ஆங்கிலத்தார் நான்கைந்து சொற்களால் வேறுபடுத்துவதைத் தமிழில் ஒரே சொல் சுமக்கிறது. சொல்லின் வளத்துக்கு இது சான்று. தெளிவுக்குக் கேடும் இதனால் உண்டு.

எழுத்து வழக்கிலும் ஒரு பிணக்கு இருக்கிறது. 'இணையத்தளம்' என்பதா, 'இணையதளம்' என்பதா? தமிழக இதழ்களில் பின்னதே பெருவழக்கு. ஈழத்தவரும் நம் பள்ளி ஆசிரியரும் முன்னதையே பெரிதும் எழுதுவர். மகர ஈறு கெட்டு, முன் நின்ற உயிர் ஈறாகி, வரும் வல்லினம் மிகுதல் விதி. மரம், பெட்டியோடு சேர்ந்து 'மரப்பெட்டி' ஆவது போல இணையம், தளத்தோடு சேர்ந்து 'இணையத்தளம்' ஆகும். விதிக்காக மட்டும் இதனை வற்புறுத்தவில்லை. 'இணைய' என்று தனித்து நிற்கும்போது அது 'சேரும்பொருட்டு' என்னும் வினையெச்சமாகவும் படும். 'இணைய தளம்' என்று பிரித்தெழுதினால் பலர் இணைவதற்கான தளம் என்று ஒரு சிறுவன் பொருள் கொள்ளக்கூடும். ஒரு தகர ஒற்று அம்மயக்கத்தைத் தடுக்கிறது.

'இயங்கலை' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் நேரலை இணைப்பில் இருத்தலைக் குறிக்க இதனை வழங்குகிறோம். இயங்கும் அலை என்று விரியும் வினைத்தொகை, அமைப்பில் குற்றமில்லை. ஆனால் பேச்சுத் தமிழில் 'இயங்கலை' என்றால் 'வேலை செய்யவில்லை' என்று பொருளாயிற்றே! 'இன்று இயங்கலை வகுப்பு' என்று அறிவித்தால், 'சரி சார், எப்போது இயங்கும்?' என்று கேட்கும் குறும்பு மாணவனை என்ன செய்வது?

இவை யாவினும் முக்கியமானது, 'இணையம்', 'இணைப்பு' ஆகிய இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. இணைதல் தன்வினை, இணைத்தல் பிறவினை. பிறவினையிலிருந்து வந்த 'இணைப்பு' என்பது ஒரு வீட்டையோ ஒரு பள்ளியையோ கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைக் குறிக்கும். இணையம் உலகுக்குப் பொது. இணைப்பு அவரவர்க்குத் தனி. மழை பெய்து அலுவலகக் கணினி நின்றவுடன் 'இணையம் போய்விட்டது' என்கிறோம். இணையம் எங்கும் போகவில்லை. நம் இணைப்புத்தான் போயிற்று. பெருஞ்சாலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டத்துப் பாலம் உடைந்தது.

தோட்டத்து மக்கள் இவ்வேற்றுமையைத் தம் போக்கில் நன்கு அறிந்திருக்கிறார்கள். அவர்கள் 'இணையம் இல்லை' என்று சொல்வதில்லை. 'லைன் இல்லை' என்பார்கள். மேலே நினைவில் வைக்கச் சொன்ன அதே 'லைன்' இது. நூறாண்டுக்கு முன் வரிசை வீடாக வந்து 'லயம்' ஆன சொல், இப்போது கைப்பேசி அலையாக இரண்டாம் முறை வந்திருக்கிறது. மலாய்க்காரரும் 'லைன் தாக் அடா' என்றே கூறுவர். லயத்து வீட்டில் லைன் இல்லை என்றால், ஆங்கிலத்தின் ஒரே சொல் ஒரு வாக்கியத்தில் இருமுறை வந்துவிடுகிறது.

இனி அந்த இடர்ப்பாடு. 2020 மார்ச் 18 அன்று நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன, கல்வி வீட்டுக்குச் சென்றது. இல்லிருப்புக் கற்றல் என்று நாம் அதனைக் குறித்தோம். அக்காலத்தில் பெற்றோரிடம் ஒரு படிவம் சென்றது. 'வீட்டில் இணைய வசதி உண்டா?' என்பது அதில் ஒரு கேள்வி. எங்கள் வட்டாரத்துப் பெற்றோருள் பெரும்பாலோர் 'உண்டு' என்றே குறித்தனர். அவர்கள் பொய் கூறவில்லை. தந்தையின் கைப்பேசியில் புலனச் செய்தி வருகிறது, சினிமாப் பாட்டுக் கேட்கிறது, அது இணையந்தானே? வகுப்புத் தொடங்கிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அது காலையில் தந்தையின் சட்டைப்பையில் தொழிற்சாலைக்குப் போய்விடும். மாலையில் வரும்போது மூன்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். முன்கட்டணத் தரவு வாரக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். காகிதத்தில் அவர்களுக்கு இணையம் உண்டு. நடைமுறையில் இணைப்பு இல்லை. 'இணைய வசதி' என்ற தொடர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. 'உண்டு' என்று குறித்த வீட்டுப் பிள்ளைக்கு உதவி வேண்டுமென்று அப்படிவத்தைப் படித்த எவருக்கும் தோன்ற வழியில்லை. அவ்வீடுகளிற் சில பிள்ளைகள் எழுத்துக் கூட்டும் பருவத்தில் மாதக்கணக்கில் ஆசிரியர் குரலைக் கேளாமலே இருந்தனர். அவர்கள் பின்னர் வகுப்புக்குத் திரும்பியபோது, மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் மறந்துபோயிருந்ததை நாங்கள் கண்டோம்.

அவ்வாண்டிலேயே அரசாங்கம் 'ஜெண்டேலா' என்னும் தேசிய இலக்கவியல் இணைப்புத் திட்டத்தை அறிவித்தது. மலாயில் ஜெண்டேலா என்றால் சாளரம். நம் 'ஜன்னல்' பிறந்த அதே போர்த்துக்கேயச் சொல்லின் பிள்ளை அது. 2021 முடிவில் பழைய மூன்றாம் தலைமுறை அலையை நிறுத்தி, நான்காம் தலைமுறையைப் பரப்பினர். எங்கள் பக்கத்திலும் அலை முன்னிலும் மேலாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் செம்பனை வளர்ந்து உயர்ந்த பள்ளத்தாக்குகளில் இன்னும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

அதன் பின்னர் எங்கள் பள்ளியில் 'இணைய வசதி உண்டா?' என்று நாங்கள் கேட்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர்கள் பெற்றோரிடம் வேறு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் கைப்பேசி எத்தனை? பகலில் அது யாரிடம் இருக்கும்? மாதக் கட்டணமா, முன்கட்டணமா? தரவு எத்தனை நாளுக்கு வரும்? கடைசியாக, 'லைன்' எங்கே நின்றால் கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு மட்டும் விடைகள் மிக விரிவாக வருகின்றன. கோயில் மதிலோரம் என்பார் ஒருவர். குளியலறைச் சாளரத்தருகே என்பார் ஒருவர். மழை இல்லையென்றால் வாசற்படியில் என்பார் மற்றொருவர்.